தனி ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்: தண்டையார்பேட்டை வீட்டுக்குத் தேவையா?

கையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது. ஓரளவு நல்ல ஹெட்ஃபோன் ஏற்கெனவே வீட்டில் உண்டு. பாட்டு இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும். இந்தப் பணத்துக்கு, ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கி ஹெட்ஃபோனுக்குத் தரும் தனி ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப்) வாங்குவதா, வேறு ஏதாவது செய்வதா? தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று எங்கள் வட சென்னைப் பக்கத்தில் ஹெட்ஃபோன் ஆசை பிடித்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பெரும்பாலான வீடுகளில் ஆம்ப் முதல் செலவாக இருக்கக் கூடாது. சில ஹெட்ஃபோன்களுக்கு மட்டும் அது கட்டாயம். உங்களுடையது எந்த ரகம் என்பதை ஹெட்ஃபோன் பெட்டியில் அச்சடித்திருக்கும் இரண்டு எண்களே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்று ஓம் கணக்கு, அதாவது இம்பீடன்ஸ்: மின்சாரத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் தடை. இன்னொன்று சென்சிடிவிட்டி, அதாவது இவ்வளவு மின்சாரம் கொடுத்தால் இவ்வளவு டெசிபல் சத்தம் வரும் என்கிற கணக்கு. எல்லோரும் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பயப்படுகிறார்கள்.

"முந்நூறு ஓம்னா ஆம்ப் இல்லாம ஓடவே ஓடாதாமே அண்ணா?" என்று வியாசர்பாடித் தம்பி ஒருவன் கேட்டான். பழைய சென்ஹைசர் ஹெச்டி 650 ஒன்று அவனுக்குக் கைமாறி வந்திருந்தது. ஓடும். அந்த ஹெட்ஃபோன் 300 ஓம்தான். ஆனால் 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் தரும் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். ஃபோனில் செருகி அதில் ஹெட்ஃபோனை மாட்டும் குட்டிக் கருவிகளான சாதாரண டைப்-சி டாங்கிள்களில் பல அந்த 1 வோல்ட் அளவைத் தந்துவிடும். இப்போது வரும் சினிமாப் பாட்டுகளில் சராசரி ஒலி, உச்ச ஒலியைவிடப் பத்து டெசிபல் அளவே கீழே இருக்கும். ஆகவே முழு வால்யூமில் 90 டெசிபலைத் தாண்டிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்க 80 டெசிபலைத்தான் வரம்பாகச் சொல்கிறது. 90 டெசிபல் என்றால் அதே பாதுகாப்பு வாரத்துக்கு 4 மணி நேரம்தான். புதுப் பாட்டு மட்டும் கேட்கிறவனுக்கு அந்த 300 ஓம் ஹெட்ஃபோனில் ஆம்ப் இல்லாமலே தேவைக்கு மேல் சத்தம் இருக்கிறது.

அதே ஹெட்ஃபோனில் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டால் கணக்கு மாறும். அந்தப் பதிவுகளில் சராசரி ஒலிக்கும் உச்சத்துக்கும் இடையே 20 டெசிபலுக்கு மேலும் இடைவெளி இருக்கும். தவில்காரர் ஒரு அடி அடிக்கும்போது மட்டும் மீட்டர் மேலே போகும். ராகம் பாடும் நேரமெல்லாம் கீழேயே கிடக்கும். 103-இல் 20 போனால் 83. சில பதிவுகளில் அதற்கும் கீழே. வால்யூமைக் கடைசிவரை ஏற்றியும் ஆலாபனை தூரத்தில் கேட்பதுபோல் இருந்தால் அங்கே ஆம்ப் தேவை என்பது பிரமை அல்ல, கணக்கே அப்படித்தான் சொல்கிறது.

ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் இன்னொரு முனை. 38 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். அதே 1 வோல்ட் இதில் 26 மில்லிவாட் ஆகிறது. 113 டெசிபல் வருகிறது. இதற்கு ஆம்ப் வாங்குவது சத்தத்துக்காக என்றால் அந்தப் பணம் வீண். எதிர்த்திசையில் ஹைஃபைமேன் ஹெச்இ-6 என்ற பிளானர் (தட்டைச் சவ்வு) ஹெட்ஃபோன். ஓம் கணக்கில் வெறும் 50. ஆனால் சென்சிடிவிட்டி 83.5 டெசிபல். உச்ச ஒலி 110 டெசிபல் தொட அதற்கு ஏறத்தாழ 450 மில்லிவாட், அதாவது 4.7 வோல்ட் வேண்டும். 300 ஓம் ஹெட்ஃபோன் டாங்கிளில் பாடும்போது 50 ஓம் ஹெட்ஃபோன் திணறுகிறது. ஓமை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பெட்டியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலர் 1 மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று போடுவார்கள், சிலர் 1 வோல்ட்டுக்கு. 32 ஓம் ஹெட்ஃபோனில் இந்த இரண்டுக்கும் இடையே 15 டெசிபல் வித்தியாசம். 300 ஓமில் 5 டெசிபல். எந்த அளவு என்று தெரியாமல் இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகிவிடும்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

லேப்டாப்பின் ஜாக்கில் நேராகச் செருகுவது செலவில்லாத வழி. பல லேப்டாப்களில் அதன் குறை சத்தம் போதாமை அல்ல, சுத்தமின்மை. மவுஸை நகர்த்தினால் காதில் ஒரு கீச்சு, ஃபைல் காப்பி ஆகும்போது ஒரு சரசரப்பு. உள்ளே இருக்கும் மின்சுற்றுகளின் இரைச்சல் ஆடியோ பாதையில் ஏறிவிடுகிறது. இதைக் கேட்டுவிட்டு "ஆம்ப் வேணும்" என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். அந்த ஜாக்கில் ஆம்பைச் சேர்த்தால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். தேவைப்படுவது ஆடியோவை லேப்டாப்புக்கு வெளியே எடுக்கும் ஒரு யூஎஸ்பி டாங்கிள்.

டாங்கிள் என்பதே, டிஜிட்டல் பாட்டை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் டிஏசியும் குட்டி ஆம்பும் சேர்ந்ததுதான். ஆயிரம் ரூபாய் அளவிலேயே நல்லது கிடைக்கிறது. ஆப்பிள் டாங்கிள் இதில் பேர் போனது: அதன் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஒலியைத் தரும் மூலத்தின் சொந்தத் தடை, ஏறத்தாழ 1 ஓம், இரைச்சல் மிகக் குறைவு. ஆனால் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அது முழு ஒலியைத் தராது, லேப்டாப்பில் தரும். ஃபோனில் செருகிப் பார்த்துவிட்டு "இதுல சத்தமே இல்ல" என்று ஒதுக்கியவர்கள் லேப்டாப்பிலும் ஒருமுறை செருகிப் பார்க்கட்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் பத்தில் ஏழெட்டுக்கு இந்த டாங்கிளே போதும் என்பது என் கணிப்பு.

பழைய ஸ்டீரியோ ரிசீவரின் ஹெட்ஃபோன் ஓட்டை மூன்றாவது வழி. மூர் மார்க்கெட் பக்கமோ தெரிந்தவர் வீட்டிலோ ஒன்று கிடைத்துவிட்டால் ஆசை வரும். அவற்றில் பல, ஸ்பீக்கர் ஆம்பின் ஒலியை ஒரு ரெசிஸ்டர் வழியாகத் தணித்து ஹெட்ஃபோனுக்குக் கொடுக்கின்றன. அந்த ரெசிஸ்டர் நூறு ஓமுக்கு மேலும் இருக்கும். 1996-இல் வந்த ஐஈசி 61938 என்ற சர்வதேசத் தரமே 120 ஓம் என்று ஒரு அளவைச் சொன்னது. ஹெச்டி 650 போன்ற ஹெட்ஃபோனில் இம்பீடன்ஸ் எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருக்காது. 90 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓம் வரை ஏறும். 120 ஓம் மூலத்தில் போட்டால் அந்த இடத்தில் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி, சுமார் 1 டெசிபல் தடிக்கும். அது கேட்கச் சுகமாகவே இருக்கலாம், தவறில்லை. ஆனால் 32 ஓம் ஹெட்ஃபோனை அதே ஓட்டையில் செருகினால் வோல்டேஜில் ஐந்தில் நான்கு பங்கு ரெசிஸ்டரிலேயே நின்றுவிடும். அந்த ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் பேஸில் 60 ஓமுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் அங்கே 4 டெசிபல் வரை வீங்கும். பேஸ் மண்டியாகிவிடும். மூலத்தின் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்ற பழைய விதி இதற்காகத்தான்.

சூடாகிற கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப்களைப் பற்றி நீட்டவில்லை. அழகானவை, 300 ஓம் ஹெட்ஃபோன்களோடு சில நன்றாகச் சேரும். ஏசி இல்லாத அறையில் சித்திரை மாதம் மேசைமேல் இன்னொரு அடுப்பு எனக்கு வேண்டாம்.

மிச்சம், மேசையில் வைக்கும் தனி ஆம்ப். இதன் விலை பற்றி ஒரு வரலாறு சொல்லியாக வேண்டும். 2011-இல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் ஒருவர் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபயரின் முழு வரைபடத்தையும் அளவீடுகளையும் எல்லோருக்கும் வெளியிட்டார். விலை மலிவான பாகங்களை வைத்தே, காதுக்கு எட்டாத அளவுக்கு டிஸ்டார்ஷனை (ஒலிச் சிதைவை) குறைக்கலாம் என்று மீட்டர் வைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே அவர் எழுதுவது நின்றுபோனது. இன்றுவரை யாரென்று வெளிப்படையாகத் தெரியாது. அதன் பிறகு நூறு டாலர் அளவில் வந்த ஆம்ப்கள் பல அளவீட்டில் குறை சொல்ல முடியாதவை. அதாவது ஆம்புக்கு என்று ஐம்பதாயிரம் ஒதுக்க ஒலி சார்ந்த காரணம் எனக்கு ஒன்றும் தென்படவில்லை. பத்துப் பன்னிரண்டாயிரத்திலேயே, சாதாரண ஹெட்ஃபோன்களுக்கு வேண்டிய வோல்ட்டும் மில்லிவாட்டும் சுத்தமாகக் கிடைத்துவிடுகின்றன. இடது வலதுக்குத் தனித்தனி ஜோடிக் கம்பி உள்ள 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக் இருப்பதால் இரட்டிப்பு வோல்டேஜ், அதாவது 6 டெசிபல் கூடுதல் கிடைக்கலாம். தேவைப்படுகிற ஹெட்ஃபோன் உங்களிடம் இருந்தால் மட்டும் அது பயன்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். வட சென்னை வீட்டுக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு, என் தீர்ப்பு அதில்தான் நிற்கிறது.

முதலில் சத்தம். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய வீட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவிலும் ஓயாது. பேசின் பாலம், வியாசர்பாடி ஜீவா, கொருக்குப்பேட்டை பக்கம் ரயில். இவை இல்லாத உள்தெருவிலும் தலைக்கு மேல் ஃபேன். ஃபேன் காற்றே 50 டெசிபல் அளவுக்கு அறையை நிரப்பியிருக்கும்போது, ஒரு ஆம்புக்கும் இன்னொரு ஆம்புக்கும் உள்ள வித்தியாசம் அதற்கு வெகு அடியில் புதைந்துகிடக்கிறது. ஹெச்டி 650 போன்ற திறந்த முதுகு ஹெட்ஃபோன் வெளிச்சத்தத்தை அப்படியே உள்ளே விடும். மூடிய ஹெட்ஃபோன் கீச்சுச் சத்தங்களைத் தடுக்கும். லாரியின் உறுமலைத் தடுக்காது. காதுக்குள் நன்றாக அடைத்து உட்காரும் இயர்ஃபோன் இதில் எல்லாவற்றையும் மிஞ்சும். உறுமலை மட்டும் தணிக்க வேண்டுமென்றால் நாய்ஸ் கேன்சலிங் ப்ளூடூத் ஹெட்ஃபோன். ப்ளூடூத்தில் ஆம்ப் உள்ளேயே இருக்கிறது என்பதால் தனி ஆம்ப் பற்றிய பேச்சுக்கே அங்கே இடமில்லை. வெளிச்சத்தத்தை வெல்ல வால்யூமை ஏற்றுவதற்காக ஆம்ப் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் விலையைக் காது கொடுக்கும்.

இரண்டாவது கரண்ட். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று பின் சாக்கெட் இருக்கும்; அதன் எர்த் கம்பி எங்கும் போய்ச் சேராமல் இருக்கும். அப்படிப்பட்ட சாக்கெட்டில் போட்ட கருவியின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் ஊறுவது போல் இருக்கும். அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் அது. அந்தக் கசிவு லேப்டாப்புக்கும் ஆம்புக்கும் இடையே உள்ள ஆடியோ கம்பியில் ஓடும்போது காதில் "ம்ம்ம்" என்ற உறுமல் வரும். எர்த் சரியாக இருந்தும் லேப்டாப் ஒரு சாக்கெட்டிலும் ஆம்ப் வேறொரு சாக்கெட்டிலும் இருந்தால் இதே தொல்லை வரலாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் குற்றவாளி உங்கள் கரண்ட் பாதை. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பாட்டுக்காக இல்லாவிட்டாலும் வீட்டிலிருப்பவர்கள் உயிருக்காக அது செய்ய வேண்டிய வேலை. ஃபோனில் தொங்கும் டாங்கிளுக்கு, சார்ஜரில் போடாதவரை, இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

மூன்றாவது உப்புக் காற்று. காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் கடலோரத்திலும் ஜாக்குகளும் வால்யூம் திருகும் சீக்கிரம் களிம்பேறும். திருகைத் திருப்பினால் கரகரவென்று வரும், ஒரு பக்கம் போய்ப்போய் வரும். மூடி போட்டு வைப்பதும் ஆண்டுக்கொருமுறை கான்டாக்ட் கிளீனர் அடிப்பதும் இங்கே ஆம்ப் வைத்திருப்பதன் பகுதி. பழைய சாமான் வாங்கினால் இதை முதலில் சோதியுங்கள்.

அந்தப் பன்னிரண்டாயிரத்தை ஆம்புக்குப் பதில் வேறெங்கே போடலாம்? காது குஷனில் போடலாம். சென்னை வேர்வையில் ரெக்சின் குஷன் உரிந்து, அமுங்கி, இடைவெளி விட்டுவிடும். மூடிய ஹெட்ஃபோனில் அந்த இடைவெளி வழியாக பேஸ் ஒழுகிப்போகும். மூக்குக்கண்ணாடிக் காம்பு ஒன்றே போதும், இடைவெளி விழ. பேஸ் குறைந்துவிட்டது, ஆம்ப் வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு, புதுக் குஷன் போட்டதுமே கேள்வி மறைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

பேஸ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் போடலாம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்குக் காசே வேண்டாம். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட். ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன் மாடல்களின் அளவீடுகளை வைத்துத் திருத்த அளவு தரும் ஆட்டோஈக்யூ என்ற திட்டத்தை யாக்கோ பாசனன் இலவசமாகவே வைத்திருக்கிறார். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் நடத்திய ஆய்வுகள், பெரும்பாலானோர் எந்த ஒலிச் சமநிலையை விரும்புகிறார்கள் என்பதற்கு ஒரு வளைகோட்டைத் தந்தன; இந்தத் திருத்தங்கள் பெரும்பாலும் அதை நோக்கியவை. ஹெட்ஃபோன்களுக்கிடையே ஒலிச் சமநிலையில் 5, 10 டெசிபல் வித்தியாசங்கள் சாதாரணம். ஒழுங்கான இரண்டு ஆம்ப்களுக்கிடையே அது ஒரு டெசிபலின் சிறு பின்னம். பணமும் நேரமும் எங்கே பலன் தரும் என்பது இந்த ஒப்பீட்டிலேயே தெரிகிறது. கானாப் பாட்டில் டேப் வாத்தியம் அடிக்கும் விரல் சத்தம் துலங்காமல் மங்கிக் கிடந்தால் அதற்கு மருந்து ஈக்வலைசரில் இருக்கிறது, அல்லது வேறு ஹெட்ஃபோனில்.

ஆனால் ஒரு முடிச்சு. ஈக்வலைசரில் ஏதாவது ஓரிடத்தை 6 டெசிபல் ஏற்றினால், ஒலி வெடிக்காமலிருக்க மொத்த அளவை 6 டெசிபல் இறக்க வேண்டும். எம்50எக்ஸில் 113 என்பது 107 ஆகும், கவலையில்லை. ஹெச்டி 650-இல் 103 என்பது 97 ஆகும். அதில் பழைய கச்சேரி கேட்டால் டாங்கிள் கைவிட்டுவிடலாம். ஈக்வலைசரை முறையாகப் பயன்படுத்துகிற, திறன் குறைந்த ஹெட்ஃபோன் வைத்திருக்கிற ஆளுக்கு ஆம்ப் உண்மையிலேயே வேண்டியதாகிறது.

பெரம்பூரில் கோச் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அப்படித்தான். ஹெச்டி 650, லேப்டாப், பழைய வானொலி நாதஸ்வரப் பதிவுகள், விடியற்காலை நான்கு மணிக்குக் கேட்கும் வழக்கம். அந்த நேரத்தில் ஃபேனைக் குறைத்தால் உள்தெருவில் நிசப்தம். "சார், உங்களுக்கு ஆம்ப் வாங்கலாம்" என்று தயங்காமல் சொன்னேன். அளவுக் காரணம் ஒருபுறம். அவருக்கு டச் ஸ்க்ரீனில் வால்யூம் பட்டையைப் பிடிப்பது சிரமம். கைக்கு அடங்கும் ஒரு திருகு மேசையில் இருப்பது அவருக்கு ஒலித்தரத்துக்கு இணையான வசதி. கூடவே ஒரு வார்த்தை சொன்னேன்: வயதால் மேல் ஸ்தாயி ஒலிகள் காதுக்கு எட்டாமல் போயிருந்தால் ஆம்ப் அதைத் திருப்பித் தராது, ஸ்டான்லி மருத்துவமனைக் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் ஒருமுறை கேள்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள் என்று. "அதுவும் சரிதான்ப்பா, போய்ட்டு வந்துட்றேன்" என்றார்.

இயர்ஃபோன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு மேசை ஆம்ப் தீங்காகவும் முடியலாம். 16, 32 ஓமில் 110 டெசிபலுக்கு மேல் சென்சிடிவிட்டி உள்ளவை ஆம்பின் பின்னணி 'ஸ்ஸ்' சத்தத்தையும் காட்டிக்கொடுக்கும். அதோடு வால்யூம் திருகை மிகக் கீழே வைத்துக் கேட்க நேரும்; அந்த இடத்தில் சாதாரணத் திருகுகளில் இடது வலது சமமாக இருக்காது, பாடகர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார். டாங்கிளே மேல்.

வாங்குவது என்று முடிவெடுத்தவர்களுக்கு: அவுட்புட் இம்பீடன்ஸ் 2 ஓமுக்குள், எத்தனை மடங்கு பெருக்குவது என்று மாற்றும் கெய்ன் சுவிட்ச் இரண்டு நிலை, உங்கள் ஹெட்ஃபோனின் ஓமில் எத்தனை மில்லிவாட் என்ற தெளிவான எண். 32 ஓமுக்கு மட்டும் ஒரு பெரிய எண்ணைப் போட்டுவிட்டு 300 ஓமைப் பற்றிப் பேசாத விளம்பரத்தை நம்பாதீர்கள். திருப்பிக் கொடுக்க வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள். வந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். சற்றே அதிகச் சத்தம் எப்போதும் சற்றே நல்ல ஒலியாகக் காதுக்குத் தோன்றும். அதனால் டாங்கிளையும் ஆம்பையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ரிச்சி தெருவில் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். ஒரு ஸ்ப்ளிட்டரின் ஒரு ஓட்டையில் ஹெட்ஃபோனைச் செருகி, மற்றதில் மீட்டரை வைத்து, 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டிலும் ஏசி வோல்டேஜ் நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசத்துக்குள் வரும்வரை திருகைச் சரிசெய்யுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது, உங்களுக்குத் தெரியாமல், மாற்றி மாற்றிச் செருகச் சொல்லுங்கள். எது எது என்று பத்தில் ஒன்பது தடவை சரியாகச் சொன்னால் ஆம்பை வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லையென்றால், உங்கள் பழைய பதிவுகளுக்கு டாங்கிளில் வால்யூம் போதுகிறதா என்று மட்டும் பாருங்கள். போதுமென்றால் திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டு, அந்தப் பணத்தை அடுத்த ஹெட்ஃபோனுக்கு எடுத்து வையுங்கள்.